பெயர் தொலைத்த பெருமரம்: ஷூமர்ட் ஓக்

அமெரிக்காவில் ஓக் பலகை வாங்க மரவாடிக்குப் போகிறவருக்கு இரண்டே பெயர்கள்தான் கிடைக்கும்: ரெட் ஓக், ஒயிட் ஓக். காட்டில் தனித்தனி இனங்களாக நின்ற மரங்கள் அறுவை மில்லைத் தாண்டியதும் இந்த இரண்டு அடுக்குகளில் ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்து தன் பெயரைச் சுத்தமாகத் தொலைத்துவிட்ட மரம் ஷூமர்ட் ஓக். அமெரிக்கத் தெற்கின் சிவப்பு ஓக்குகளில் உருவத்தில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. இதன் மரம் மற்ற பெரும்பாலான சிவப்பு ஓக்குகளைவிட மேலானது என்று அந்நாட்டு வனத்துறைக் கையேடே சொல்கிறது. ஆனாலும் சந்தையில் அதற்குத் தனி விலையும் இல்லை, தனிச் சீட்டும் இல்லை.

நர்சரியில் நிலைமை தலைகீழ். அங்கே ஷூமர்ட் அல்லாத கன்றுகள் ஷூமர்ட் என்ற பெயரில் விலை போகின்றன. நிழலுக்கு நடுகிறவர், காடு வளர்க்கிறவர், பலகை வாங்குகிறவர் என யாராக இருந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: இந்த மரத்தை அதன் உறவுக்காரர்களிடமிருந்து பிரித்தறியத் தெரிய வேண்டும். நட்ட மரம் பட்டுப்போவதற்குப் பல வேளைகளில் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டதே காரணமாக இருக்கிறது.

ஊரும் உறவும்

1858-இல் டெக்சஸ் மாநிலத்தின் நிலவியல் ஆய்வுக்குத் தலைவரானவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஷூமர்ட். அதே ஆய்வில் வேலை பார்த்த தாவரவியலர் சாமுவேல் போட்ஸ்ஃபோர்ட் பக்லி, 1860-இல் இந்த மரத்தை விவரித்து, அதற்குத் தலைவரின் பெயரையே சூட்டினார். குவெர்கஸ் ஷூமர்டீ என்பது அறிவியல் பெயர். பக்லியின் பெயரும் மரத்தில் நிலைத்திருக்கிறது. டெக்சஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் சின்ன சிவப்பு ஓக் ஒன்றுக்கு 1985-இல் குவெர்கஸ் பக்லீயி என்று பெயர் வைத்தார்கள். நர்சரிகளில் ஷூமர்ட்டோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இந்தப் பக்லி ஓக்தான். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கலப்புக் கன்றுகளையும் தரும்.

ஷூமர்ட்டின் தாய்நிலம் பரந்தது. கிழக்கே வட கரோலைனாவின் கடலோரச் சமவெளியில் தொடங்கி, வட ஃபுளோரிடா வழியாக மேற்கே நடு டெக்சஸ் வரை போகிறது. வடக்கே மிசிசிப்பிப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஒக்லஹோமா, மிசூரி, இல்லினாய், இண்டியானா, ஒஹையோ வரை ஏறுகிறது. கனடாவின் தென் ஒன்டாரியோவிலும் அங்கங்கே சில மரங்கள் நிற்கின்றன. எங்கே இருந்தாலும் இது கூட்டமாக நிற்காது. மற்ற மரங்களுக்கு நடுவே ஒன்றும் இரண்டுமாகத்தான் தட்டுப்படும். தனி அடுக்காகப் பலகை சேராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல மண்ணில் 100 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆற்றோரக் காடுகளில் 130, 140 அடி வளர்ந்த மரங்களும் உண்டு. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 3 முதல் 5 அடி வரை போகும். நெருக்கமான காட்டில் மொத்த உயரத்தில் பாதிக்கு மேல் கிளையே இல்லாமல் தூண்போல் நேராக எழும். அறுவைக்காரர் கண்ணுக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

இண்டியானாவுக்கும் இல்லினாய்க்கும் நடுவே ஓடும் வாபாஷ் ஆற்றின் கரைக்காடுகள் 19-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பெருமரங்களுக்குப் பேர்போனவை. இல்லினாயின் மவுண்ட் கார்மல் என்ற சிற்றூரில் பிறந்து, பின்னாளில் பறவையியலில் உலகப் புகழ் பெற்ற ராபர்ட் ரிட்ஜ்வே, சொந்த ஊர் மரங்களை அளந்து எழுதி வைத்தார். அதே ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே தாவரங்களைத் திரட்டியவர் ஜேக்கப் ஷ்னெக். ஷூமர்ட்டில் கொட்டையின் கிண்ணம் ஆழமாக இருக்கும் வகைக்கு அவர் பெயரால் ஷ்னெக் ஓக் என்ற வழக்கு இன்றும் இருக்கிறது. அந்தக் காடுகள் பெரும்பாலும் போய்விட்டன. வெட்டுப்படாத தாழ்நிலக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர் தென் கரோலைனாவின் காங்கரீ தேசியப் பூங்காவுக்குப் போகலாம். மரவெட்டு நெருங்கிவந்த வேளையில் மக்கள் போராடியதால் 1976-இல் பாதுகாக்கப்பட்ட நிலம் அது. 2003-இல் தேசியப் பூங்காவானது. 1989-இல் ஹ்யூகோ புயல் பல பெருமரங்களைச் சாய்த்த பிறகும், அங்கே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

இனம் காண்பது

முதலில் குடும்பம். இலை மடல்களின் நுனியில் முடிபோல் மெல்லிய முள் நீட்டிக்கொண்டிருந்தால் அது சிவப்பு ஓக் கூட்டம். நுனி மழுங்கி உருண்டிருந்தால் வெள்ளை ஓக் கூட்டம். கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தாலே இன்னொரு சாட்சி கிடைக்கும். வெள்ளை ஓக்கின் கொட்டை பூத்த வருடமே முற்றிவிடும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருடம் வேண்டும். ஆகவே ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஷூமர்ட் கிளையைத் தாழ்த்திப் பார்த்தால், இந்த ஆண்டுக் குச்சியில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக மொட்டுப் போன்ற பிஞ்சுகள் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே, போன ஆண்டுக் குச்சியில், பச்சை மாறாத முழுக் கொட்டைகள் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடத்து விளைச்சலும் ஒரே கிளையில். உதிர்ந்த கொட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தை விரலால் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். அதுவும் சிவப்பு ஓக்கின் முத்திரை.

அடுத்தது, சிவப்புக் கூட்டத்துக்குள் ஷூமர்ட்டைப் பிரிப்பது. இலை 4 முதல் 8 அங்குல நீளம். ஏழு அல்லது ஒன்பது மடல்கள், நடுவே ஆழமான வெட்டுகள். மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. இலையைத் திருப்பினால் அடிப்புறம் வழவழப்பாக இருக்கும். ஆனால் நடுநரம்பிலிருந்து கிளைநரம்பு பிரியும் கக்கங்களில் மட்டும் சின்னச் சின்ன ரோமக் குஞ்சங்கள் தெரியும். கொட்டை பெரியது, ஓர் அங்குலம் வரை வரும். பொதுவான வகையில் கிண்ணம் தட்டையான தட்டுபோல், கொட்டையின் கால் பாகத்தையோ மூன்றில் ஒரு பாகத்தையோ மட்டும் மூடும்.

இலையுதிர்ந்த குளிர்காலத்தில் மொட்டுதான் துணை. ஷூமர்ட்டின் நுனிமொட்டு சாம்பல் அல்லது வைக்கோல் நிறம், ரோமம் அநேகமாக இல்லாதது. பக்லி ஓக்கின் மொட்டு செம்பழுப்பாக இருக்கும். கன்று வாங்கப் போகிறவர் விற்பவர் சொல்லும் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் இந்த மொட்டைப் பார்க்க வேண்டும். விதை எந்த ஊர் மரத்திலிருந்து எடுத்தது என்றும் கேட்க வேண்டும். ஈரமான லூசியானா ஆற்றங்கரையில் பொறுக்கிய விதை, மழை குறைந்த டெக்சஸின் வெயிலில் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல.

பழைய புத்தகங்களை வைத்து மரம் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் குவெர்கஸ் டெக்சானா என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இன்று பக்லி ஓக் என்று அழைக்கப்படும் மரம். இன்றைய நூல்களில் அதே பெயர் நட்டல் ஓக்கைக் குறிக்கிறது. நட்டல் ஓக் வெள்ளத்தில் நிற்கும். பக்லி ஓக் பாறையில் நிற்கும். பெயரை மட்டும் நம்பி நட்டால் இரண்டும் சாகும்.

தாழ்நிலத்தின் மேடு

ஷூமர்ட்டைத் தாழ்நில மரம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. சொல் சரிதான். ஆனால் தண்ணீர் தேங்கும் இடம் என்று அதைப் புரிந்துகொண்டு கெடுத்தவர்கள் உண்டு. ஆற்றுச் சமவெளி நமக்குத் தட்டையாகத் தெரியும். மரத்துக்கு அது தட்டை இல்லை. பழைய கரையின் மேடு, கால்வாய் தூர்ந்த பள்ளம், சேறு படிந்த மூலை என்று இரண்டு மூன்று அடி உயர வேறுபாட்டிலேயே மர இனங்கள் மாறிவிடும். பள்ளத்தில் சைப்ரஸும் டுபெலோவும் நிற்கும். அதற்குச் சற்று மேலே நட்டல் ஓக்கும் வில்லோ ஓக்கும். வெள்ளம் வந்தாலும் சீக்கிரம் வடிந்துவிடும் மேட்டில்தான் ஷூமர்ட்டும் அதன் பெரிய பங்காளியான செர்ரிபார்க் ஓக்கும் நிற்கும்.

இந்தக் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்கன்சா மாநிலம் சாட்சி. அங்கே குளிர்காலத்தில் ஓக் காட்டுக்குள் வேண்டுமென்றே தண்ணீர் நிறுத்தி, கொட்டை தின்ன வரும் மல்லார்டு வாத்துகளை வேட்டையாடுவது பெரிய வழக்கம். மரம் உறங்கும் மாதங்களில் வேரடியில் தண்ணீர் நின்றால் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆனால் இலை உதிருமுன்னே தண்ணீரைக் கட்டி, துளிர் விட்ட பிறகும் வடிக்காமல் வைத்தால் வேர் மூச்சு முட்டும். பேயூ மீட்டோ போன்ற பொதுக் காடுகளில் பத்து இருபது ஆண்டுகள் இப்படி நடந்ததில் சிவப்பு ஓக்குகள் நலிந்து, பல இடங்களில் கூட்டமாகச் செத்தன. இப்போது அந்த மாநில வனவிலங்குத் துறை தண்ணீர் கட்டும் காலத்தையே மாற்றிவருகிறது. தண்ணீருக்குப் பழகிய நட்டலுக்கும் வில்லோவுக்குமே இந்தக் கதி என்றால், மேட்டு மரமான ஷூமர்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மிசிசிப்பியின் கீழ்ப்பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் சுமார் 2.4 கோடி ஏக்கர் தாழ்நிலக் காடு இருந்தது. ஆற்றுக்குக் கரைகட்டி வெள்ளத்தைத் தடுத்த பிறகு பருத்திக்கும், 1960, 70-களில் விலை ஏறியபோது சோயாவுக்கும் காடு போனது. மிஞ்சியது ஏறக்குறைய கால் பங்கு. அந்த வயல்களில் பல உண்மையில் பயிருக்கு ஏற்றவையே அல்ல. வருடத்துக்கு வருடம் மூழ்கின. 1990-இல் வந்த வேளாண் சட்டம் உருவாக்கிய ஈரநிலத் திட்டத்தில், அரசு பணம் கொடுத்து அந்த நிலங்களைத் திரும்பக் காடாக்கத் தொடங்கியது. அதில் ஓக் நடவுதான் முதுகெலும்பு. எந்தத் துண்டில் எந்த ஓக் என்று முடிவுசெய்ய, நில அளவைக் கருவியோடு மண்ணையும் தோண்டிப் பார்த்துத்தான் நடுகிறார்கள். ஷூமர்ட்டுக்கு எப்போதும் மேட்டுத் துண்டுதான்.

கொட்டையிலிருந்து கன்று

ஷூமர்ட் காய்க்கத் தொடங்க 25 ஆண்டுகள் ஆகும். 50 வயதில்தான் முழு வளம். அப்போதும் வருடா வருடம் கொட்டாது. 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல காய்ப்பு வரும். ஆகவே காய்த்த வருடத்தில் சேகரித்துவிட வேண்டும். செப்டம்பர் இறுதியிலிருந்து கொட்டை உதிரும். முதலில் உதிர்பவை பெரும்பாலும் கூன்வண்டு துளைத்தவை. அவற்றை விட்டுவிட்டு, அடுத்து விழுபவற்றைப் பொறுக்க வேண்டும்.

பொறுக்கியதை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினால் நல்லவை அடியில் தங்கும். மிதப்பவை புழு தின்றவையோ உள்ளே வற்றியவையோ. ஆனால் வெயிலில் சில நாள் கிடந்த நல்ல கொட்டையும் மிதக்கும். அவசரப்பட்டு வீசாமல் ஓர் இரவு ஊற வைத்து மறுநாள் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

ஓக் கொட்டையைக் காயவைக்கக் கூடாது. நெல், பயறு போல உலர்த்திச் சேமிக்கும் விதை இல்லை இது. பலா விதை, மாங்கொட்டை போல ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். ஈரமான மணலிலோ பீட் மண்ணிலோ கலந்து, காற்றுப் புகும் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு முதல் நான்கு மாதம் வைத்தால் குளிர்கால உறக்கம் தீரும். வெள்ளை ஓக்குக்கு இந்த உறக்கம் கிடையாது. உதிர்ந்த வாரமே வேர் விடும். அணில்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளை ஓக் கொட்டையை அங்கேயே தின்றுவிட்டு, சிவப்பு ஓக் கொட்டையைத்தான் பின்னாளுக்கென்று மண்ணில் புதைக்கும். புதைத்ததில் அவை திரும்ப எடுக்காத கொட்டைகள்தாம் காட்டின் பல மரங்கள்.

வசந்தத்தில் கொட்டையைப் படுக்கை வாக்கில், இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். தொட்டியில் என்றால் ஆழமான தொட்டி தேவை, ஆணிவேர் முதலில் கீழே ஓடிவிட்டுத்தான் தண்டு மேலே கிளம்பும். காட்டு நடவில் கொட்டையை நேரடியாக வயலில் ஊன்றுவதும் உண்டு. செலவு குறைவு, ஆனால் எலியும் அணிலும் பங்கு கேட்கும்.

ஷூமர்ட் நிழலைத் தாங்காது. பெரிய மரத்தடியில் முளைத்த கன்று சில ஆண்டுகள் நின்றுவிட்டு மறைந்துவிடும். காட்டில் இது பெருக வேண்டுமானால் மேற்கூரையில் வெளிச்சம் விழும் இடைவெளி வேண்டும். புயல் அல்லது அறுவடை, இரண்டில் ஒன்றுதான் அந்த இடைவெளியைத் தரும்.

வீட்டு முற்றத்தில்

காட்டில் மேடு தேடும் இந்த மரம் நகரத்தில் வெற்றி பெற்றதற்குக் காரணம் அதன் மண் பொறுமை. பின் ஓக் என்ற இன்னொரு ஓக் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகி நலியும். ஷூமர்ட் அந்த மண்ணையும், கெட்டிக் களியையும், கோடை வறட்சியையும் பெரும்பாலும் சமாளித்துவிடும். டாலஸைச் சுற்றியுள்ள பிளாக்லேண்ட் மண் நம் கோவில்பட்டிக் கரிசலின் வகை. மழையில் வீங்கும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் தெருவோரமும் பூங்காவிலும் ஷூமர்ட் நிறைய நிற்கிறது. டாலஸ் புறநகர்களில் வீடு வாங்கி நிழல் மரம் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது துணிந்து சொல்லக்கூடிய மரம். நவம்பரில் கிளை முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்க்க, அது ஒன்றுக்காகவே நடலாம்.

வெட்டவெளியில் நட்ட மரம் காட்டு மரம்போல் ஓங்காது. 50, 60 அடி உயரமும் அதற்குச் சற்றுக் குறைந்த விரிவுமாக நிற்கும். ஆகவே சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் 20 அடியாவது தள்ளி நட வேண்டும். மின்கம்பிக்குக் கீழே கூடவே கூடாது.

நடும் காலம் இலையுதிர் பருவம். கோடைக்கு முன் வேர் பிடிக்க அதுதான் நேரம். குழி, வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் மட்டும் கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு அகன்று வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நர்சரித் தொட்டியில் வட்டமாகச் சுற்றிக்கொண்ட வேர்களைக் கத்தியால் நறுக்கிவிட வேண்டும். சுற்றிய வேர் பத்து ஆண்டு கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும், தண்டில் முட்டாமல். முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். பெரிய மரமாக வாங்கி உடனே நிழல் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். விரல் தடிமன் கன்று ஒன்று, ஐந்தாறு ஆண்டில் அந்தப் பெரிய கன்றை எட்டிப்பிடித்துவிடும்.

பலகை

சிவப்பு ஓக் என்றால் என்ன என்று கையால் தெரிந்துகொள்ள ஒரு சோதனை. முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும் ஒரு சிவப்பு ஓக் குச்சியை ஒரு சாண் நீளத்தில் அறுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் டம்ளரில் குமிழி வரும். அதன் துளைகள் திறந்தே இருக்கின்றன. வெள்ளை ஓக்கின் வைரத்தில் அந்தத் துளைகளை மரமே அடைத்துவிடும். விஸ்கிப் பீப்பாய் வெள்ளை ஓக்கில் செய்யப்படுவதும், சிவப்பு ஓக் பீப்பாயில் மாவு, சர்க்கரை, ஆணி போன்ற உலர்ந்த சரக்கு மட்டுமே போனதும் இதனால்தான்.

இந்தத் திறந்த துளை ஒரு பக்கம் குறை, இன்னொரு பக்கம் நிறை. மழையில் கிடந்தால் சிவப்பு ஓக் தண்ணீரைக் குடித்துச் சீக்கிரம் மக்கும். வெளிக்கதவு, படகு, தோட்டத்து பெஞ்சு எதற்கும் ஆகாது. ஆனால் அதே துளை வழியாகக் காப்பு எண்ணெய் மரத்தின் உள்ளே வரை இறங்கும். அமெரிக்க ரயில் பாதைகளின் குறுக்குக் கட்டைகளில் பெரும்பங்கு இன்றும் மரம்தான். கிரியோசோட் ஏற்றிய ஓக் அதில் முன்னணியில் நிற்கிறது.

வீட்டுக்குள் இது ராஜா. தரைப்பலகை, மாடிப்படி, அலமாரி, கதவுச் சட்டம், மேசை, மேலொட்டும் வெனீர் என எல்லாவற்றுக்கும் ஏற்றது. தெற்கத்தித் தாழ்நில ஓக் முரடு, வடக்கத்தி மலை ஓக்தான் நயம் என்று வியாபாரத்தில் ஓர் எண்ணம் உண்டு. அதில் பாதிதான் உண்மை. ஓக் போன்ற மரங்களில் வேகமாக வளர்ந்த மரம், அதாவது வளையங்கள் அகலமானது, அடர்த்தியும் வலுவும் கூடியதாகவே இருக்கும். நெருக்கமான வளையம் உளிக்கு இதமானது. அகலமான வளையம் சுமைக்கு நல்லது. மாடிப்படிக்குத் தாழ்நில ஓக்கை ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

சீசனிங்கில்தான் பொறுமை சோதிக்கப்படும். பச்சை ஓக் பலகையை அவசரமாகச் சூடாக்கினால் மேற்பரப்பு வெடிக்கும். அதைவிட மோசம், வெளியே தெரியாமல் உள்ளே தேன்கூடு போல் பிளந்துவிடும், இழைத்த பிறகுதான் தெரியும். முனைகளில் மெழுகோ பெயின்ட்டோ பூசி, பலகைகளுக்கு நடுவே ஒரே தடிமனில் கட்டைகள் வைத்து அடுக்கி, கூரை நிழலில் காற்றாட விட வேண்டும். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பிறகு சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இந்த எண் தமிழ்நாட்டுத் தச்சர்களுக்கும் முக்கியம். அமெரிக்க ரெட் ஓக் இன்று இந்தியாவுக்கும் பலகையாகவும் வெனீராகவும் வருகிறது. 6 சதவீதத்தில் வந்த பலகை சென்னையின் கடற்காற்றில் 12 சதவீதத்தைத் தொட்டுவிடும். சாதாரண அறுப்பில் 10 அங்குல அகலப் பலகை அப்போது ஐந்தரை மில்லிமீட்டர் அகலும். வளையத்துக்குக் குறுக்காக அறுத்த பலகை என்றால் இரண்டரை மில்லிமீட்டர்தான். பலகையைப் பட்டறையிலேயே சில வாரம் காற்றாடப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக ஒட்டிவிடாமல் நகர இடம் விட்டுப் பூட்ட வேண்டும். குறுக்கறுப்புப் பலகையில் மின்னும் வெள்ளித் தழும்புகள்போன்ற கதிர்க்கோடுகள் கூடுதல் லாபம்.

ஓக்கில் டானின் அதிகம். சாதா இரும்புத் திருகாணியும் ஈரமும் சேர்ந்தால் சுற்றிலும் கறுப்புக் கறை படியும். பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுவதுதான் வழி. வெளிறுப் பகுதியை உளுத்துப்போக வைக்கும் வண்டு பிடிக்கும். அலமாரிக்கு வைரத்தை மட்டும் எடுப்பது நல்லது. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்குப் புற்றுநோயோடு ஓக், பீச் மரத் தூள்களுக்கு உள்ள தொடர்பு அதில் முக்கியமானது. இழைக்கும் எந்திரத்தில் நிற்கிற பையனுக்கு முகத்துண்டு போதாது. நல்ல மாஸ்க்கும் தூள் உறிஞ்சியும் வாங்கிக் கொடுப்பது பட்டறைக்காரரின் கடமை.

பலகைக்கு ஆகாதவை

கைகால் தடிமன் கிளைகளும் வீணில்லை. ஷிடாக்கே காளான் வளர்ப்பவர்கள் 4 முதல் 6 அங்குல விட்டக் கட்டைகளைக் குளிர்காலத்தில் வெட்டி, சில வாரத்துக்குள் துளையிட்டு, காளான் வித்தை அடைத்து, மெழுகு பூசி நிழலில் சாய்த்து வைப்பார்கள். ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முதல் அறுவடை வரும். பிறகு மூன்று நான்கு ஆண்டு தொடரும். விறகுக்கும் நல்ல மரம், ஆனால் பிளந்து ஒன்று இரண்டு ஆண்டு காய வேண்டும்.

கொட்டை மான், காட்டு வான்கோழி, அணில், வாத்து எல்லாவற்றுக்கும் குளிர்கால உணவு. அமெரிக்கப் பழங்குடிகள் ஓக் கொட்டையை இடித்து, கசப்புப் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து மாவாக்கி உண்டார்கள். சிவப்பு ஓக்கில் டானின் கூடுதல் என்பதால் அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் தெற்கத்தி விவசாயிகள் பன்றிகளை இந்தக் காடுகளில் அவிழ்த்துவிட்டுக் கொழுக்க வைத்தார்கள். பன்றிக்குச் செரிக்கும் இது மாட்டுக்கு நஞ்சு. பச்சைக் கொட்டையையும் இளந்துளிரையும் நிறையத் தின்ற மாட்டுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். மேய்ச்சல் நிலத்தில் ஓக் வைத்திருப்பவர் நல்ல காய்ப்பு வந்த ஆண்டில் மாட்டை அந்தப் பக்கம் விடக் கூடாது.

ஓக் வாடல்

மற்ற பூச்சி நோய்களை ஷூமர்ட் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும். இந்த ஒன்றை அதனால் முடியாது. 1940-களில் விஸ்கான்சினில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் இது. நீர் ஏறும் குழாய்களை அடைத்து மரத்தை வாட வைக்கும். வெள்ளை ஓக் பல ஆண்டு போராடும், சில பிழைக்கவும் செய்யும். சிவப்பு ஓக் சில வாரங்களில் செத்துவிடும். செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கடியில் பூஞ்சைப் பாய் விரிந்து, புளித்த பழ வாசனை கிளப்பும். அந்த வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் பூஞ்சையைச் சுமந்துபோய் அடுத்த மரத்தின் புதுக் காயத்தில் இறக்கிவிடும். அடுத்தடுத்து நிற்கும் ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் அந்த வழியாகவும் நடக்கும்.

காயம் இல்லாவிட்டால் வண்டுக்கு வேலையில்லை. ஆகவே டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறை, பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கைக் கழிக்கவே வேண்டாம் என்கிறது. எந்த மாதமானாலும் வெட்டிய இடத்தில் உடனே பெயின்ட் பூசச் சொல்கிறது. நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் பயனில்லை, வண்டு சில நிமிடங்களிலேயே வந்துவிடும். புல்வெட்டி எந்திரம் தண்டில் இடித்த கீறலும் காயம்தான், ஏப்ரல் புயலில் முறிந்த கிளையும் காயம்தான். வாடிச் செத்த சிவப்பு ஓக்கை விறகாக அடுக்கி வைப்பதோ வேறு ஊருக்கு ஏற்றிப் போவதோ கூடாது. எரிக்கலாம், புதைக்கலாம், பொடியாக்கலாம். பக்கத்து மரங்களைக் காப்பாற்ற, நான்கடி ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுப்பதும், மரத்துக்குள் மருந்து செலுத்துவதும் உண்டு. இரண்டும் செலவு பிடிப்பவை. மருந்து பெரும்பாலும் நோய் வருமுன் போட்டால்தான் காப்பாற்றும்.

முற்றத்தில் ஷூமர்ட் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது எளிது. கழிக்கும் வேலையை டிசம்பர், ஜனவரிக் குளிரிலோ ஆகஸ்டு வெயிலிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் கார் ஷெட்டில் எப்போதும் வைத்திருங்கள். மரம் வெட்ட ஆள் வந்தால், அரிவாளையும் ரம்பத்தையும் முந்தைய வேலை முடிந்ததும் சுத்தம் செய்தாரா என்று கேட்டுவிட்டு, வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.